குண்டூசி குத்திய பக்கங்கள்

1985 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு அண்டாவும் நான்கு குடமும் நிரப்பினேன். 6.10க்குப் பால். 7.30க்குச் சவரம். ஞாயிற்றுக்கிழமை வேலையான சைக்கிள் துடைப்பதை 8.15க்குத் தொடங்கி 8.50க்கு முடித்தேன். சாப்பாடு 12.10. தூக்கம் நாற்பது நிமிடம். 2.30க்கு என் மனைவி, தொட்டியத்திலிருந்து அவள் அக்கா கொடுத்தனுப்பிய வாழைப்பூவை முறத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். 2.55க்கு அவளே கேட்டாள்.

"இன்னிக்கி உங்க கூட்டாளி நாடகம் ரேடியோல போடறாங்களாமே. வெக்கலையா?"

வைத்தேன். வைத்தது நான்தான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கூட்டாளி என்று அவள் சொன்னவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பெயரை எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் வந்து, "சேச்சே, அவரா? தங்கமான மனுஷனாச்சே" என்பார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்.

அவர் எழுதிய தொடர்கதை 'சங்கு நகரம்'. அந்த வருடங்களில் திருச்சியில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு வார இதழில் வியாழன்தோறும் வந்தது. இனி வரப்போகிற ஒரு காலம், ஒரு நகரம். நமக்கு அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் இருப்பதுபோல அங்கே பேச்சுக்கு ரேஷன். வீட்டுக்கு ஒரு அட்டை. காலைச் சங்கிலிருந்து மாலைச் சங்குவரை ஒரு வீடு இத்தனை வார்த்தைதான் பேசலாம். சுவரில் பொருத்திய பித்தளைக் காது ஒன்று எண்ணிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் வந்து வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போய்விடுவார்கள்.

முதல் பாகம் 1974இல் வந்தது. எழுபத்தைந்திலும் எழுபத்தாறிலும் பத்திரிகை அதைத் தொடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாகம் 1977. மூன்றாம் பாகம் 1980. புத்தகம் 1982. மேடை நாடகம் 1983. வானொலி நாடகம் 1985. ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், அரட்டை அடிக்கும் கல்லூரி மாணவர்களிடம் கண்டக்டர், "அட்டை தீந்துடப்போவுது, டிக்கெட்டை வாங்கிட்டு அப்புறம் பேசுங்க" என்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். என் மனைவி முதல் பாகத்தில் நான்கு வாரம் படித்துவிட்டு நிறுத்திவிட்டாள். "பேச்சுக்கு ரேஷன் வெக்கிற கதை எனக்கு எதுக்கு? நம்ம வீட்டுல ஏற்கெனவே அப்படித்தானே நடக்குது" என்றாள். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல.

மேலே எழுதிய வருட வரிசை எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அதை வைத்திருந்தவன் நான். 1974 ஆகஸ்டில் அந்தப் பத்திரிகைக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். கதையில் தேதியும் கிழமையும் மணியும் இடித்த இடங்கள் பதினான்கு, வார எண்ணோடு. செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். என் வயதுதான் இருக்கும். கையில் அந்தக் கார்டு.

"கார்டு எழுதுனது நீங்கதானே?"

"ஆமா. நீங்க?"

"தப்பு பண்ணது நான்" என்றார். உட்கார்ந்த பிறகு, "பதினாலும் சரிங்க. ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. இருபத்திரண்டாம் வாரத்துல செத்துப்போன வாட்ச்மேன் இருபத்தஞ்சாம் வாரத்துல டீ குடிக்கறாரு" என்றார். என் பதினான்கின் கீழே பதினைந்து என்று போட்டுத் தானே எழுதிக் கொடுத்தார். இப்படி ஒரு மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது.

அவர் பெரிய கடைவீதியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலையில் இருந்தார். அடுத்தவர் பிழை ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் கதையில்தான் தப்பும். எதனால் தப்பும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அவருக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. எதிரில் யார் இருக்கிறாரோ அவர் சொல்வதுதான் சரி. "ஆமாங்க, அதுவும் சரிதான்" என்பார். போலியாகச் சொல்லமாட்டார். சொல்லும்போது மனதார நம்பித்தான் சொல்வார். நகரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து சங்கு ஊதுவதாக எழுதியிருந்தார். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்காரர் ஒருவர், மூன்று ஷிஃப்ட் என்றால் ஆறு சங்கு வேண்டும் என்று எழுதினார். அடுத்த வாரம் ஆறு ஊதியது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த வாசகர் ஒருவர் சாப்பாட்டுச் சங்கை விட்டுவிட்டீர்களே என்றார். ஏழு ஊதியது.

அதனால்தான் நான் நோட்டுப் போட்டேன். இருநூறு பக்க நீள நோட்டு. இடது பக்கம் கதையில் என்ன நாள், என்ன கிழமை. வலது பக்கம் அது எந்த வார இதழில், எந்தப் பக்கத்தில். மாதம் இரண்டு ஞாயிறு அவர் வந்து, அந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வாரங்களை எழுதுவார்.

இரண்டாம் பாகம் வந்துகொண்டிருந்தபோது, வாசகர்கள் சிலர் முக்கொம்பில் ஒரு கூட்டம் போட்டோம். புளியோதரைப் பொட்டலம், மரத்தடி, பதினெட்டுப் பேர். கதாநாயகி சாகக்கூடாது என்றார் அதே ரைஸ் மில்காரர். "ஆமாங்க. அவ செத்தா கதைக்கு என்ன இருக்கு" என்றார் இவர். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, செத்தால்தான் கதை என்றாள். "அது சரிம்மா. அங்கதான் வலிமை இருக்கு" என்றார். ஒரே மரத்தடி, ஐந்து நிமிட இடைவெளி. கதாநாயகி நாற்பதாம் வாரம் செத்து, நாற்பத்து மூன்றாம் வாரம் மார்க்கெட்டுக்குப் போனாள். கொன்றது கல்லூரிப் பெண்ணுக்காக, பிழைக்கவைத்தது மில்காரருக்காக. செத்தது அவள் தங்கை என்று நான்தான் நோட்டைப் புரட்டி வழி கண்டுபிடித்தேன். "எப்படிங்க உங்களுக்குத் தோணுது" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அதே வருடம் எனக்கு மஞ்சள் காமாலை. நாற்பது நாள் விடுப்பு. அச்சகம் விட்டு, பாலம் தாண்டி, தினமும் சைக்கிளில் வந்தார். யாரோ கீழாநெல்லி என்று சொன்னார்களாம், அரைத்துக் கொண்டுவந்தார். வேறு யாரோ கரும்புச்சாறு என்றார்களாம், அதையும் கொண்டுவந்தார். "ரெண்டுல எதுங்க குடுக்கறது?" என்று என் மனைவி கேட்டாள். "ரெண்டு பேருமே நல்லாத் தெரிஞ்சவங்கதாம்மா" என்றார். அவர் போன பிறகு அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்ததை, அந்த நாள் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவள் அப்படிச் சிரித்து நான் எழுதியது ஆறு வருடத்தில் அது முதல் தடவை.

ஆறு வருடம் என்பதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு 1971இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம், அக்டோபர் 5ஆம் தேதி, காய்ச்சலில் விழுந்தது. ஒன்பது நாள் இரவும் பகலும் அழுதது. 13ஆம் தேதி பிற்பகல் 4.20க்கு அழுகை நின்றது. மறுநாள் காலை 6.40க்கு, துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்துகொள்ளும் முன்னால், பின்கட்டில் வைத்து என் மனைவி என்னிடம் ஒன்று சொன்னாள்.

"சத்தம் நின்னதும் முதல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சுங்க. தூங்குதுன்னு நெனச்சு நானும் கண்ணசந்துட்டேன். போயிடுச்சுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

பிறகு, "அக்காகிட்ட, கடைசிவரைக்கும் முழிச்சுட்டு மடியிலதான் வெச்சிருந்தேன்னு சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. எழுதினேன். நாளில் நடந்ததை மணி போட்டு எழுதுவது எனக்குப் பதினாறு வயதிலிருந்து பழக்கம். எழுதுவதும் சொல்வதும் ஒன்று என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் பாகத்துக்கு வருகிறேன். முதல் பாகம் முடிகிற நாளுக்கும் இரண்டாம் பாகம் தொடங்குகிற நாளுக்கும் நடுவில் கதையில் பதினொரு நாள் இல்லாமல் இருந்தது. நான் நோட்டில் காலியாக விட்டிருந்த இடம். அந்த நாட்களில் நகரத்தில் என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி, அதையே ஒரு பாகமாக எழுதுங்கள் என்றது பத்திரிகை. ஆமாங்க என்றார் இவர். 1979 டிசம்பர் 9, ஞாயிறு, காலை 10.20க்கு என்னிடம் வந்தார்.

"பதினோரு நாளும் ஒரே வீட்டுக்குள்ள நடக்குது சார். தண்ணி எப்ப வரும், பால் எப்ப, சங்கு எப்ப, மணி மணியா வேணும். இப்படி எழுதி வெச்சிருக்கறது உங்களைத் தவிர யாரு?"

கதையின் கிழமைகளை நான் முன்பே கணக்கிட்டிருந்தேன். வருடப் பிறப்பு வெள்ளிக்கிழமை, லீப் வருடம் இல்லை. விடுபட்ட நாட்கள் அக்டோபர் 8 முதல் 18 வரை. என் அலமாரியில் அதற்குப் பொருந்துகிற டைரி ஒன்றுதான், 1971. 1965ம் பொருந்தும், ஆனால் அதைக் கரையான் அரித்துவிட்டது. எந்த நாட்கள் என்பதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். தெரியும். ஆனால் தேதி பொருந்துகிற சந்தோஷம் ஒன்று உண்டு. அதை என் மாதிரி ஆட்களுக்குத்தான் புரியும். ஆபீசில் ரகசியக் காகிதங்களைக் கட்டோடு அனுப்பவேண்டி வந்தால் ஓரத்தில் குண்டூசி குத்தி அனுப்புவோம். குத்தியதைப் பிரிக்கக்கூடாது என்பது எங்களுக்குள் வழக்கம். 12ஆம் தேதி முதல் 15 வரை உள்ள தாள்களைச் சேர்த்து மூன்று குண்டூசி குத்தினேன்.

"இந்தப் பக்கங்க மட்டும் வேண்டாம் சார். மத்ததெல்லாம் பாத்துக்குங்க."

"ஆமாங்க. அது எதுக்கு நமக்கு" என்றார்.

அவர் ஆபீசில் வேலை பார்த்தவர் அல்ல. ஒரு டைரியில் எந்தப் பக்கத்தைப் படிக்கவேண்டும் என்று மூன்று குண்டூசி குத்திக் காட்டிக்கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

1980 ஆகஸ்ட் 14, வியாழன். காலை 8.35, பஸ்ஸில் நின்றுகொண்டு இதழைப் பிரித்தேன். நகரத்தில் ஒரு வீடு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் அழுகையையும் பித்தளைக் காது பேச்சோடு சேர்த்து எண்ணுகிறது. குழந்தை அழ அழ அட்டை தீர்கிறது. தாயும் தகப்பனும் நாள் கணக்கில் வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறார்கள். ஒரு பிற்பகல் அழுகை நிற்கிறது. மறுநாள் அட்டையில் விழுந்த புது வார்த்தைகளில் முதல் சிலவற்றை எடுத்து அந்தத் தாய் பேசுகிறாள். என் மனைவி பேசியதையே பேசுகிறாள். ஒரு வார்த்தை மாறவில்லை.

அன்று சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஆபீசுக்கு முக்கால் மணி தாமதமாகப் போனேன். இருபது வருட வேலையில் நான் தாமதமாகப் போனது மூன்று முறை. இதழை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஞாயிறன்று அவரைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டார். "ஆமாங்க, கேக்காம எடுத்தது தப்பு. ஊசி துருப்பிடிச்சிருந்துச்சு, தானா கழண்டு வந்துச்சு. படிச்சுட்டேன். படிச்சப்புறம் அதை விட்டுட்டு எழுத முடியல. அது மாதிரி ஒரு வரி எவனாலயும் கற்பனைல எழுத முடியாதுங்க" என்றார். புத்தகத்தில் எடுத்துவிடுகிறேன் என்றார். புத்தகத்தில் இருந்தது. பதிப்பாளர் அந்த வரிதான் புத்தகம் என்றாராம். நாடகத்தில் எடுத்துவிடுகிறேன் என்றார். நாடகத்தில் அந்த வரிக்குத்தான் விளக்கு அணைந்து எரிந்ததாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். டைரியைக் கேட்டபோதெல்லாம், "ஆமாங்க, அடுத்த வாரம் கொண்டாந்துடறேன்" என்றார்.

நாடகத்துக்குப் போகலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அன்றைய பக்கத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன். இத்தனை வருட டைரிகளில் நான் தெரிந்து எழுதிய பொய் அது ஒன்றுதான்.

வானொலி நாடகம் என்றதும் இந்த முறை பாலக்கரையில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன். "நாடகம்னா ஒரு ஹாலு. ரேடியோன்னா வீட்டுக்குள்ள வரும் சார். என் சம்சாரம் கேப்பா" என்றேன். என் தோளைத் தொட்டு, "சத்தியமா எடுத்துடறேன். அந்த வரி வராது" என்றார். முகத்தைப் பார்த்தேன். முழுக்க நம்பிக்கையோடுதான் சொன்னார். நானும் நம்பினேன். அதனால்தான் அந்த ஞாயிறு அவள் கேட்டதும் வைத்தேன்.

3.31க்கு அந்த வரி வந்தது. நடிகை நன்றாகவே பேசினாள்.

என் மனைவியின் கை ஒரு பூவில் நின்றது. பிறகு மறுபடி நடந்தது. ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் நரம்பைக் கிள்ளிப்போட்டு, முறம் முழுவதும் முடித்தாள். நாடகம் 3.45க்கு முடிந்தது. ரேடியோவை அணைத்தேன்.

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"எழுதி வெச்சிருந்தேன்."

"எழுதினதை அவர்கிட்டக் குடுத்தீங்களா?"

"அந்தப் பக்கத்துக்குக் குண்டூசி குத்தித்தான் குடுத்தேன்."

"குண்டூசி" என்றாள். அதை ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

கிள்ளிப்போட்ட நரம்புகளை ஒரு தாளில் கூட்டி வைத்தபடி, "எங்கக்கா ஞாயித்துக்கிழமை நாடகம் ஒண்ணு விடாமக் கேப்பாங்க" என்றாள்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? கதைதானே."

"எனக்குத் தெரியுமில்ல. இனிமே அவங்க மொகத்தைப் பாத்து எப்படிப் பேசறது?" என்றாள். எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது கேட்டாள். "நாடகத்துக்கு டிக்கெட் கெடைக்கலேன்னீங்களே. அது?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

4.30 பஸ்ஸில் பாலக்கரை போனேன். அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ரேடியோ.

"வாங்க சார். கேட்டீங்களா?"

"கேட்டேன். என் சம்சாரமும் கேட்டா."

ரேடியோவைக் கீழே வைத்தார். "நான் எடுத்துட்டுத்தான் குடுத்தேங்க. ரேடியோக்காரங்கதான் அந்த வரி இல்லாம நாடகமே நிக்காதுன்னாங்க. யோசிச்சா அதுவும் சரிதானேன்னு..."

"நீங்க என்கிட்ட சத்தியம் பண்ணீங்க."

"ஆமாங்க. பண்ணேன்."

"அப்ப நீங்க பண்ணது துரோகம்."

"ஆமாங்க" என்றார். "துரோகந்தாங்க."

கண்ணில் தண்ணீர் நின்றது. என் பக்கம் முழு நியாயம் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஐந்து வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபத்துக்கு இடிக்க ஒரு சுவர்கூட அவர் தரவில்லை. நாளைக்கு வேறொருவர் வந்து, இலக்கியத்துக்காக அதைச் செய்யலாம் என்று சொன்னால் அவருக்கும் இதே கண்ணீரோடு ஆமாங்க என்பார். ஒரே ஒருமுறை, யாரிடமாவது, மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன் போலிருக்கிறது.

"டைரியைக் குடுங்க" என்றேன்.

உள்ளே போய் எடுத்துவந்தார். பழைய காலண்டர் தாளில் புது அட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் பிரித்தேன். 14ஆம் தேதிப் பக்கத்தில் அந்த மூன்று வரியின் கீழே நீலப் பென்சில் கோடு. அது அவருடையது, புரூஃப் திருத்தும் பென்சில், 1980. ஓரத்தில் சிவப்பு மையில் வேறு கையெழுத்தில் 'இங்கே விளக்கு' என்று எழுதியிருந்தது. நாடகக்காரர், 1983. அதற்கும் கீழே பச்சை மையில், 'இதன் பின் மௌனம் ஐந்து விநாடி.' இது வானொலிக்காரர், இந்த வருடம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். இரண்டு பாகம் முழுக்க நோட்டுப் போட்டுக் காலவரிசை எழுதியவன் நான். மூன்றாவதற்கு அவர்கள் என் பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். குண்டூசி இருந்த இடத்தில் மூன்று துருப்பொட்டு.

வீட்டுக்கு வந்தது 6.25. சாப்பாடு 7.40, வாழைப்பூ உசிலி. அவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. இரண்டு முறை வந்திருக்கிறார், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஆமாங்க, பரவால்லங்க என்று சொல்லிப் போனாராம்.

மார்ச் 18, திங்கட்கிழமை. 4.50க்கு எழுந்தேன். என் மனைவி முன்பே எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டைரியை அவள் முன் வைத்தேன். "அடுப்புல போட்டுடு" என்றேன்.

"எதுக்குங்க? அவ பொறந்த நாளும் இதுலதானே இருக்கு" என்றாள். "நான் சொன்னதை மட்டும் குடுங்க."

சவர பிளேடையும் அடிஸ்கேலையும் எடுத்துவந்தேன். 6.40 என்ற மணியை மட்டும் விட்டுவிட்டு அந்த மூன்று வரியையும், நீலம், சிவப்பு, பச்சை எல்லாவற்றோடும் அறுத்தெடுத்தேன். பின்பக்கத்தில் 15ஆம் தேதியிலும் மூன்று வரி போயிற்று. என்ன போயிற்று என்று நான் பார்க்கவில்லை. அவள் அந்தத் துண்டை வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். 5.05க்குத் தண்ணீர் வந்தது. நான் எழுவதற்குள் குடத்தை அவள் எடுத்துக்கொண்டு போனாள்.